கண்ணாடி உள்ள காமிராவா, இல்லாத காமிராவா? பணம் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை



பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்கும் எனக்குக் காமிராவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆனால் காமிரா வாங்கப் பணம் கொடுத்திருக்கிறேன். அதில் தவறும் செய்திருக்கிறேன். அந்தத் தகுதி போதும் என்று நினைத்தே இதை எழுதத் துணிந்தேன்.

இப்போது நம் உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகள் கடையில் உட்கார விரும்புவதில்லை. கல்யாணப் படம் எடுக்கிறேன், ஸ்டுடியோ வைக்கிறேன் என்று கிளம்புகிறார்கள். அது கௌரவமான தொழில்தான், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான இரண்டு லட்சமும் மூன்று லட்சமும் நம் கடை முதலிலிருந்தோ, வீட்டு நகையின் பேரிலோதான் வர வேண்டியிருக்கிறது. சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது மளிகைக் கடை அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "அண்ணாச்சி, பையன் மிரர்லெஸ்தான் வேண்டும் என்கிறான். விற்கிறவரோ டி.எஸ்.எல்.ஆர். பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். நான் எதற்குப் பணம் கொடுப்பது?" நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

2019-ல் என் தங்கை மகன் இதே கேள்வியோடு என் மண்டிக்கு வந்தான். "மாமா, கண்ணாடி இல்லாத காமிராக்கள் வந்துவிட்டன. இனிமேல் அதுதான்" என்றான். நான் நாற்பது வருட வியாபார அனுபவத்தோடு அவனுக்குப் புத்தி சொன்னேன். "மாப்பிள்ளை, புதுச் சரக்கை முதல் வருஷமே தொடக் கூடாது. நாலு பேர் வாங்கி, நல்லது கெட்டது தெரிந்த பிறகு நாம் வாங்குவோம். ஊரில் எல்லா ஸ்டுடியோவிலும் எது இருக்கிறதோ அதையே வாங்கு" என்றேன். பணம் என்னுடையது என்பதால் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் அதற்கான லென்ஸ்களும் புதிதாக வாங்கினான்.

காமிராவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்கு வருடத்துக்குள் அவனோடு தொழில் செய்த மற்றவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள். பெரிய கல்யாணங்களில் சேர்ந்து வேலை செய்யக் கூப்பிடுகிறவர்கள், "உன்னிடம் மிரர்லெஸ் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொன்னார்கள். விற்றுவிட்டு மாறலாம் என்று போனால், நாங்கள் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கேட்பாரில்லை. மலிந்த சரக்கு சந்தைக்கு வரும் என்பார்கள். ஊரில் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வந்தால் விலை எப்படி நிற்கும்? அவனுடைய நான்கு வருட உழைப்பில் ஒரு பகுதி என் ஆலோசனையால் போயிற்று. அதற்காக அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எனக்கு அது மனதில் உறுத்திக் கொண்டுதான் இருக்கிறது.

என் விதி எங்கே பிசகியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மிளகாயும் மல்லியும் வருடா வருடம் மண்ணிலிருந்து வருகிறவை. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் வாங்கலாம். காமிரா அப்படியல்ல. அந்தச் சரக்கு தொடர்ந்து வருமா வராதா என்பதை ஜப்பானில் இருக்கும் நாலைந்து கம்பெனிகள் முடிவு செய்கின்றன. ஊரில் எது அதிகமாக இருக்கிறது என்று பார்த்த நான், இனி எது வரப்போகிறது என்று விசாரிக்கவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எஸ்.எல்.ஆர். என்பது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு சாய்ந்த கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி, அங்குள்ள பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்பும் காமிரா. பித்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். பின்னால் இருக்கும் பிலிமில் படம் விழும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதில் பாதி அந்தக் கண்ணாடி எழும்பி விழும் சத்தம்தான். பிலிமுக்குப் பதில் மின்னணு சென்சார் வைத்தது டி.எஸ்.எல்.ஆர்.

மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடியும் பட்டகமும் கிடையாது. வெளிச்சம் நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் காண்கிற காட்சியை ஒரு சின்னத் திரையில் நாம் பார்க்கிறோம். 'மிரர்லெஸ்' என்றால் லென்ஸே இல்லாதது என்று நம் உறுப்பினர் ஒருவர் நினைத்திருந்தார், அப்படியல்ல. இல்லாமல் போனது உள்ளே இருக்கும் அந்த ஒரு கண்ணாடிதான்.

அது போனதால் காமிராவின் கனமும் பருமனும் குறைந்தன. கல்யாணக்காரர்கள் அதிகம் வைத்திருந்த கேனான் 5டி மார்க் 4, பாட்டரியோடு சுமார் 890 கிராம். நிக்கான் டி850 ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சோனி ஏ7 மூன்றாம் மாடல் 650 கிராம். விடியற்காலை மாப்பிள்ளை அழைப்பிலிருந்து இரவு வரவேற்பு வரை தூக்கிக் கொண்டு நிற்கிறவனுக்கு இந்தக் கால் கிலோ சின்ன விஷயம் அல்ல. அரிசி மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சந்தை எப்படி மாறியது?

எஸ்.எல்.ஆர். காமிராவைத் தொழில்காரர்களின் காமிராவாக நிலைநிறுத்தியதில் 1959-ல் வந்த நிக்கான் எப்-க்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பிறகு ஐம்பது வருடம் அந்த அமைப்புக்குப் போட்டி இல்லை. 2008-ல் பானாசோனிக் ஜி1 என்ற மிரர்லெஸ் வந்தபோது தொழில்காரர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 2006-ல் கோனிகா மினோல்டாவின் காமிராத் தொழிலை வாங்கியிருந்த சோனி, 2013-ல் ஏ7 என்ற பெரிய சென்சார் மிரர்லெஸைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் கேனானும் நிக்கானும் ஐந்து வருடம் பொறுத்திருந்து, 2018-ல்தான் தங்கள் பெரிய சென்சார் மிரர்லெஸ் காமிராக்களை இறக்கின. நல்ல வியாபாரம் நடக்கும் பழைய கடையை மூடிவிட்டு எதிரே புதுக்கடை திறக்க யாருக்குத்தான் மனம் வரும்? தாமதத்துக்கு அதுவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நமக்குச் சங்கம் இருப்பது போல ஜப்பானியக் காமிராக் கம்பெனிகளுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. சிபா என்று பெயர். எத்தனை காமிராக்கள் அனுப்பப்பட்டன என்ற கணக்கை அது வெளியிடுகிறது. 2012-ல் கண்ணாடி உள்ள டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். சுமார் 1 கோடியே 62 லட்சம் போனது. 2020-ல் முதல் முறையாக மிரர்லெஸ் அதை முந்தியது: மிரர்லெஸ் சுமார் 29 லட்சம், எஸ்.எல்.ஆர். சுமார் 24 லட்சம். 2023-ல் மிரர்லெஸ் 48 லட்சம், எஸ்.எல்.ஆர். 12 லட்சத்துக்கும் குறைவு. வரவு இப்படிக் குறைகிற ஒரு சரக்கை நம்மில் யாராவது புதிதாகக் கொள்முதல் செய்து அடுக்குவோமா?

கேனான், நிக்கான் இரண்டுமே 2020-க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. சோனி தன் டி.எஸ்.எல்.ஆர். வரிசையை 2021-ல் நிறுத்திவிட்டது. நிக்கான் எஸ்.எல்.ஆர். தயாரிப்பை விட்டு விலகுகிறது என்று 2022-ல் ஜப்பானியப் பத்திரிகையில் செய்தி வந்தபோது, அப்படி அறிவிக்கவில்லை, உற்பத்தியும் விற்பனையும் சர்வீசும் தொடர்கின்றன என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் புது மாடல் ஒன்றும் வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் கண்ணாடி உள்ள காமிராதான் என் வழி என்று நின்று, 2021-லும் 2023-லும் புது மாடல் விட்டது. அதைப் பாராட்டலாம். ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் அதற்கு லென்ஸும் ரிப்பேரும் எளிதில் கிடைக்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் போடுவது பெட்டியில் அல்ல, லென்ஸில்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். காமிரா வாங்கும்போது பிள்ளைகளும் நாமும் பெட்டியைத்தான் பார்க்கிறோம். இத்தனை மெகா பிக்சல், இத்தனை விலை என்று பேசுகிறோம். பெட்டி நாலைந்து வருடத்தில் தேய்ந்து பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பத்து, பதினைந்து வருடம் உழைக்கும். தொழில் வளர வளரப் பணம் லென்ஸில்தான் போய்ச் சேரும். அந்த லென்ஸ் எந்தப் பெட்டியில் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது மவுண்ட் எனப்படும் வாய் வளையம். ஆகவே முதல் காமிரா வாங்கும் அன்றே, அடுத்த பத்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிடம் சரக்கு எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி எழும்பி விழ இடம் வேண்டும் என்பதால் பழைய காமிராக்களில் வாய் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் அதிகம். கேனான் பழைய இ.எப். மவுண்டில் 44 மில்லி மீட்டர், நிக்கான் எப் மவுண்டில் 46.5 மில்லி மீட்டர். மிரர்லெஸில் அந்தத் தூரம் கேனான் ஆர்.எப்.-க்கு 20, சோனி இ-க்கு 18, நிக்கான் இசட்-க்கு 16 மில்லி மீட்டர். பழைய லென்ஸைப் புதுப் பெட்டியில் மாட்ட வேண்டுமானால் நடுவில் ஒரு வளையத்தைப் போட்டுத் தூரத்தை நிரப்பிக் கொள்ளலாம். அதற்குத்தான் அடாப்டர் என்று பெயர். ஆனால் மிரர்லெஸ் லென்ஸைப் பழைய காமிராவில் மாட்ட வேண்டுமானால் உள்ளதற்கும் குறைவான தூரம் வேண்டும், அதற்கு வழியில்லை. பழையதிலிருந்து புதியதற்குப் பாதை உண்டு. புதியதிலிருந்து பழையதற்குக் கிடையாது.

இதனால் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. தொழில்காரர்கள் மாறும்போது விற்றுவிட்டுப் போகும் நல்ல இ.எப். லென்ஸ்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. கேனானின் அடாப்டர் போட்டு அவற்றைப் புது மிரர்லெஸில் நன்றாகவே பயன்படுத்தலாம். நிக்கானில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஏராளமாக உள்ள 50 எம்.எம். 1.8டி போன்ற பழைய 'டி' வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது; காமிராவில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். நிக்கானின் எப்.டி.இசட். அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. அவை மாட்டும், படமும் எடுக்கும். ஆனால் போகஸை ஒவ்வொரு முறையும் கையால் திருப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டுப் பின்னால் வருந்தக் கூடாது.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். அந்த மவுண்டுக்கு மற்ற கம்பெனிகளும் லென்ஸ் செய்கின்றனவா? ஒரே மண்டியில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் அவர் சொன்னதே விலை என்பது நமக்குத் தெரியாததா? சோனி தன் மவுண்டின் விவரங்களை 2011-லேயே மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் போன்றவர்களின் லென்ஸ்கள் அதற்கு நிறைய வந்து, விலையிலும் போட்டி ஏற்பட்டது. கேனான் ஆர்.எப். மவுண்டில் இந்தக் கம்பெனிகளின் ஆட்டோ போகஸ் லென்ஸ்கள் அனுமதியோடு வர 2024 ஆயிற்று. அதுவும் சிறிய சென்சார் காமிராக்களுக்கான லென்ஸ்களில் தொடங்கியது. காமிரா நல்லதா கெட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இப்படிப்பட்ட விசாரணை நம் போன்ற வியாபாரிகளுக்குக் கை வந்த கலை. பிள்ளைக்கு இதில் நாம் உதவ முடியும்.

புதியது என்பதற்காகக் கண்ணை மூடி வாங்கலாமா?

கூடவே கூடாது. மிரர்லெஸ் என்ற பெயரிலும் அநாதையான சரக்குகள் உண்டு. சாம்சங் 2010-ல் என்.எக்ஸ். என்ற வரிசையைத் தொடங்கி, 2014-ல் பெரிய மாடல் ஒன்றும் விட்டு, அதன்பின் ஓரிரு வருடத்தில் சத்தமில்லாமல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. நிக்கான் 1 என்ற வரிசை 2011-ல் வந்து 2018-ல் நின்றது. கேனானின் இ.எப்.-எம். மவுண்ட் 2012-ல் தொடங்கி 2023-ல் முடிந்தது. அந்த மவுண்டில் எம்50 என்ற மாடல் நன்றாக விற்றது. வீடியோ எடுக்கும் இளைஞர்கள் பலர் வாங்கினார்கள். அதற்கு வாங்கிய இ.எப்.-எம். லென்ஸ்கள் கேனானின் இன்றைய ஆர்.எப். காமிராக்களில் பொருந்தாது. பாதி விலைக்கு எம்50 தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதுவே போதும், மேற்கொண்டு வளர்க்கப் போவதில்லை என்றால் மட்டும் வாங்கலாம்.

இது இன்று நேற்று நடக்கிற கதையும் அல்ல. 1987-ல் கேனான் தன் பழைய எப்.டி. மவுண்டை விட்டுவிட்டு இ.எப். மவுண்டுக்கு மாறியபோது, எப்.டி. லென்ஸ்களில் பணம் போட்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். நிக்கானோ 1959 வாய் வளையத்தையே பல பத்தாண்டுகள் வைத்துக் கொண்டது. கம்பெனிகள் தங்கள் வசதிக்கு மாறும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. மாறப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்து கொள்ளலாம், அவ்வளவுதான்.

பழையதன் பெருமை

மூத்த படப்பிடிப்பாளர்கள் சிலர், "நேரே கண்ணால் பார்த்து எடுப்பது வேறு, டி.வி. மாதிரி திரையில் பார்த்து எடுப்பது வேறு" என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் செலவாவதில்லை. நிக்கான் டி3500 என்ற சிறிய டி.எஸ்.எல்.ஆர். ஒரு பாட்டரியில் சுமார் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. சோனியின் முதல் ஏ7 மாடலுக்கு அந்தக் கணக்கு 340 தான். பின்னால் வந்த மூன்றாம் மாடலில் 710 ஆயிற்று. மிரர்லெஸ் வாங்கினால் பாட்டரி இரண்டு மூன்று சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக் கொள்ளுங்கள்.

மிரர்லெஸில் சத்தமே வராது என்பதைப் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். நம் கல்யாணங்களில் கெட்டிமேளம் கொட்டும்போது காமிராச் சத்தம் யார் காதில் விழப் போகிறது? மாறாக, எல்.இ.டி. சீரியல் விளக்குகளும் பெரிய திரையும் உள்ள மண்டபங்களில் அந்தச் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழுவதுண்டு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக் கொண்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இதைத் தெரியாமல் முகூர்த்தத்தைக் கெடுத்துவிட்டால் திரும்பவும் தாலி கட்டச் சொல்ல முடியாது. எந்தக் காமிராவானாலும் முகூர்த்தத்துக்கு முன் நாலு சின்ன விசேஷத்தில் பழகிக் கொள்ள வேண்டும்.

அப்படியானால் மாறியவர்கள் எதற்காக மாறினார்கள்? மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். முதலாவது, மிரர்லெஸ் காமிரா மனிதக் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் போகஸை அதன்மேல் நிறுத்துகிறது. மணமகள் நடந்து வரும்போது பத்துப் படம் எடுத்தால் தெளிவாக விழுவது அதிகம். இரண்டாவது, வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது எடுப்பதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது, வீடியோ. இன்று கல்யாண வீட்டார் படமும் வேண்டும், வீடியோவும் வேண்டும், மறுநாளே கைப்பேசியில் போட ஒரு நிமிடத் துண்டும் வேண்டும் என்கிறார்கள். ஒரே காமிராவில் இரண்டும் தரமாக எடுக்க மிரர்லெஸ் வசதியானது. வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதுதானே வியாபாரம்?

யாருக்கு எது?

என் அபிப்பிராயத்தை இனிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் படத்தையே முழு நேரத் தொழிலாகச் செய்யப் போகிற பிள்ளைக்குப் புதிய டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். அதே பணத்துக்கு, இன்று தொடர்ந்து லென்ஸ் வந்து கொண்டிருக்கும் மவுண்டில் ஒரு நடுத்தர மிரர்லெஸ் வாங்கட்டும். மெமரி கார்டு இரண்டு போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2018-ல் முதலில் வந்த சில பெரிய காமிராக்களில்கூட ஒரு கார்டுதான் போட முடிந்தது. ஒரு கார்டு கெட்டால் ஒரு கல்யாணமே போய்விடும்.

தொழில் பழகும் பிள்ளைக்கும், பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் சிறு ஸ்டுடியோவுக்கும் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை மலிவாக வாங்குவது புத்திசாலித்தனம். படத்தின் தரத்தில் அவை இன்றும் சோடை போவதில்லை. வண்டிக்கு ஓடிய கிலோமீட்டர் பார்ப்பது போல, காமிராவுக்கு எத்தனை முறை ஷட்டர் அடித்தது என்ற எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டும். 5டி மார்க் 4-க்கு 1,50,000 முறை, டி850-க்கு 2,00,000 முறை என்று கம்பெனிகள் சோதித்துச் சொல்கின்றன. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தால் ஐம்பது கல்யாணத்தில் 1,50,000 ஆகிவிடும். அதற்கு மேலும் உழைக்கலாம். ஆனால் அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைச் சரக்கைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப விரும்பும் மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு காமிராவுமே தேவையில்லை. கையில் உள்ள நல்ல கைப்பேசி போதும். சரக்கை ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் சரி. 2010-ல் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்களை அனுப்பிய அதே ஜப்பானியக் கம்பெனிகள் 2023-ல் 80 லட்சத்துக்கும் குறைவாகத்தான் அனுப்பின. கண்ணாடி உள்ளதையும் இல்லாததையும் சேர்த்தே கைப்பேசி சாப்பிட்டுவிட்டது. இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். கைப்பேசியால் முடியாத வேலையைச் செய்கிறவனுக்குத்தான் இந்தத் தொழிலில் இனி இடம்.

கணக்குப் போட்டுக் கொடுங்கள்

பணம் கொடுக்கும் முன் பிள்ளையை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 3 லட்சம் போட்டு மூன்று வருடத்தில் 60 கல்யாணம் எடுத்தால், ஒரு கல்யாணத்துக்குக் காமிராவின் பங்கு 5,000 ரூபாய். நூற்றுக்கு ஆண்டுக்கு 12 வட்டி என்றால் மூன்று வருடத்தில் 1,08,000. அது கல்யாணத்துக்கு 1,800. ஆக 6,800 ரூபாய் காமிராவுக்கே போகிறது. 60 கல்யாணம் வராது, 20 தான் வரும் என்றால் இதே பங்கு 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். அந்த நிலையில் வாங்க வேண்டாம். தேவைப்படும் அன்று வாடகைக்கு எடுத்துக் கொள்ளட்டும். வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று மாடல்களைக் கையாண்டு பார்த்தவன், வாங்கும்போது ஏமாற மாட்டான்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தனியாரால் கொண்டுவரப்பட்டுப் பில் இல்லாமல் விற்கப்படும் காமிராக்கள் சில ஆயிரம் மலிவாக இருக்கும். ஆனால் இந்தியாவில் கம்பெனி வாரண்டி கேட்டு நிற்க முடியாது. டிஜிட்டல் காமிராவுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஸ்டுடியோ பதிவு பெற்றதாக இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளவும் வழியுண்டு. பில்லோடு வரி கட்டி வியாபாரம் செய்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் துண்டுச் சீட்டில் சரக்கு வாங்கித் தருவது முறையாகாது. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பணம் நம்முடையது என்பதற்காக முடிவும் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்போம். இந்த மவுண்டுக்கு லென்ஸ் தொடர்ந்து வருகிறதா, வேறு கம்பெனிகளும் செய்கின்றனவா, ரிப்பேர் எங்கே, வருடத்துக்கு எத்தனை கல்யாணம்? அவன் விசாரித்துப் பதில் சொல்லட்டும். பதில் சரியாக இருந்தால் அவன் கேட்பதற்கே பணம் கொடுங்கள். 2019-ல் என் மருமகன் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான். நான்தான் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன்.

சென்ற வருடம் அவன் மிரர்லெஸ் வாங்க மீதிப் பணத்தை நானே வட்டியில்லாமல் கொடுத்தேன். எந்த மாடல் என்று நான் கேட்கவில்லை. என்ன விசாரித்தாய் என்று மட்டும் கேட்டேன். பழைய காமிராவை அவன் விற்கவில்லை. அவனுடைய ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க அது இன்றும் நன்றாக உழைத்துக் கொண்டிருக்கிறது. அந்தக் காமிரா ஒரு நாளும் கெடவில்லை. கெட்டுப் போனது அன்றைக்கு நான் சொன்ன ஆலோசனைதான்.

மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதலாம்.